என்பிடெல் 'நேட்' கோர்ஸ் ரிவ்யூ: கிளாஸ் எடுக்குறத மட்டும் நம்பி பொழைக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மேடம் எழுதினது

மொதல்லயே சொல்லிடறேன், என்பிடெல்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல வர்ற இந்த கோர்ஸ்ல நான் ஆசப்பட்டு சேரல. அப்ரைசல் ஃபார்ம்ல எஃப்டிபின்னு (வாத்தியாருங்களுக்கான பயிற்சி) ஒரு கட்டம் இருக்குல்ல, அது எனக்கு ரெண்டு வருஷமா காலியா கெடந்துச்சு, ஜூலைல எச்ஓடி (டிபார்ட்மென்ட் தலைவர்) கூப்புட்டு "மேடம், இந்த வருஷமாச்சும் ஒரு சர்ட்டிபிகேட் வெச்சிருங்க, இல்லன்னா இன்கிரிமென்ட் மீட்டிங்ல நான் உங்களுக்காக வாய தொறக்க முடியாதுங்க"ன்னாரு. இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு விதி போடுற ஏஐசிடிஇ கணக்குல 8 வார கோர்ஸ் ஒண்ணு முடிச்சா ஒரு எஃப்டிபி, 12 வாரம்னா ஒன்றரை. சரி ஒன்றரையாவே வாங்கிடலாம்னு லிஸ்ட்ட பாத்தா இது கண்ணுல பட்டுச்சு. முழுப்பேரு நீளம், என்பிஏ அக்ரிடிட்டேஷன் அண்ட் டீச்சிங் லேர்னிங் இன் இன்ஜினியரிங், சுருக்கமா நேட்டுன்னு சொல்றாங்க. (என்பிஏன்னா பாஸ்கெட்பால் இல்லீங்க, காலேஜ் டிகிரிகளுக்கு தர அங்கீகாரம் குடுக்குற, நம்மள தூங்க விடாம ஃபைல் எழுத வைக்கிற என்பிஏ.)

நான் யாருன்னு ரெண்டு வரி. கொங்குப் பக்கம் ஒரு செல்ஃப் ஃபைனான்சிங் காலேஜ், மெக்கானிக்கல், ஒம்பது வருஷ சர்வீஸ், டிபார்ட்மென்ட்ல இப்போதைக்கு ஒரே மேடம். தெர்மோடைனமிக்ஸும் (சுருக்கமா தெர்மோ) இன்ஜினியரிங் மெக்கானிக்ஸும் மாத்தி மாத்தி எடுக்குறேன். எம்இ முடிச்சிருக்கேன், பிஎச்டி இல்ல. கிளாஸ் எடுக்க புடிக்கும், அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இத வெளிய சொன்னா ஸ்டாஃப் ரூம்ல பாவமா பாப்பாங்க.

கோர்ஸ் எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்கு: என்பிடெல் 2003ல ஏழு ஐஐடியும் ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது, சர்ட்டிபிகேட் குடுக்க ஆரம்பிச்சது 2014ல. வீடியோ பாக்க, அசைன்மென்ட் போட எல்லாம் ஒத்த ரூபா கெடையாது. சர்ட்டிபிகேட் வேணும்னா மட்டும் பரிச்சைக்கு கட்டணும், நான் கட்டினப்ப ஆயிரம் ரூபா. வாரா வாரம் வர்ற அசைன்மென்ட்ல நல்லா பண்ணின எட்ட எடுத்து சராசரி போட்டு 25 மார்க், சென்டர்ல போய் எழுதுற பரிச்சை 75 மார்க். பாஸாக அசைன்மென்ட்ல 25க்கு 10, பரிச்சைல 75க்கு 30, ரெண்டும் தனித்தனியா வேணும். மொத்தம் 60 தாண்டினா எலைட், 75 தாண்டினா சில்வர், 90 தாண்டினா கோல்டு. நம்ம பசங்க கிரேடுக்கு அலையறத கிண்டல் பண்ணுவோம்ல, இந்த சில்வர் கோல்டுக்கு நாங்க ஸ்டாஃப் ரூம்ல போட்ட சண்டைய நீங்க பாத்திருக்கணும்.

நடத்துறது ரெண்டு பேரு, ஐஐஎஸ்சி வழியா வர்ற கோர்ஸ். ஒருத்தர் என்.ஜே.ராவ், இன்னொருத்தர் கே.ரஜனிகாந்த். ஆமா, பேரு அதான், ஆனா ஸ்டைல் எதுவும் எதிர்பாக்காதீங்க, ரெண்டு பேருமே ரொம்ப நெதானம். நான் ராத்திரி பாத்திரம் கழுவிட்டு ஒன்னேகால் ஸ்பீடுல ஓட விட்டுத்தான் பாத்தேன். மொத சில வாரம் முழுக்க அவுட்கம், பிஓ (டிகிரி முடிக்கிறப்ப பையனுக்கு என்ன வரணும்), சிஓ (ஒரு பாடம் முடிக்கிறப்ப என்ன வரணும்), ரெண்டும் எவ்ளோ பொருந்துதுன்னு நம்பர் போடுற மேப்பிங். 2014 ஜூன்ல இந்தியா, இன்ஜினியரிங் டிகிரிகள நாடுங்க ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்குற வாஷிங்டன் அக்கார்டுல நெரந்தர மெம்பரானதுக்கு அப்புறம்தான் இந்த அவுட்கம் புயல் நம்ம காலேஜ்களுக்குள்ள பலமா அடிச்சது. அது வரைக்கும் எனக்கு சிஓ பிஓ மேப்பிங்னா என்ன தெரியுமா, போன பேட்ச் எக்செல் ஷீட்ட காப்பி பண்ணி அங்கங்க 3 2 1 மாத்திப் போடுறது. எல்லா காலேஜ்லயும் இதான் நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்த 3க்கு ஒரு அர்த்தம் இருக்கு, கிளாஸ்ல அதுக்குன்னு எத்தன மணி நேரம் ஒதுக்குறோம், எந்த கேள்வியில அத சோதிக்கிறோம்னு கணக்கு போட்டுத்தான் அந்த நம்பர் வரணும்னு இவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது, ஒம்பது வருஷம் கழிச்சு.

எனக்கு கோர்ஸ் உண்மையிலேயே சூடு புடிச்சது டாக்ஸானமி பகுதியிலதான், அதாவது கத்துக்குறத படிப்படியா பிரிக்கிறது. ப்ளூம் 1956ல போட்டத 2001ல திருத்தி ரிமெம்பர், அண்டர்ஸ்டாண்ட், அப்ளை, அனலைஸ், இவால்வேட், கிரியேட்டுனு ஆறு படியா வெச்சிருக்காங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சது, கொஸ்டின் பேப்பர்ல பக்கத்துல கே1 கே2ன்னு போடுறோமே அதான். வீடியோவ நிறுத்திட்டு நானே செட் பண்ணின பழைய இன்டர்னல் பேப்பர எடுத்து வெச்சு பாத்தேன். பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதிமூணு மார்க், ஒரு பதினஞ்சு, அண்ணா யுனிவர்சிட்டி அச்சுலயே போட்டது. ஸ்டீம் டேபிள் பாத்து போடுற கணக்குக்கெல்லாம் நான் பெருமையா 'அப்ளை'ன்னு போட்டிருந்தேன். ஆனா அது கிளாஸ்ல போட்ட அதே கணக்கு, பிரஷர் மட்டும் 10 பார் இருந்தத 12 பார் ஆக்கியிருக்கேன், அவ்ளோதான். பையன் ஸ்டெப்ப மனப்பாடம் பண்ணி எழுதுறான், அது எப்படிங்க அப்ளை ஆகும், அது சுத்தமான ரிமெம்பர், வேஷம் கட்டின ரிமெம்பர். அப்புடி பாத்தா நூறு மார்க்ல முக்காவாசி மொதப்படியிலயே நிக்குது. அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரல, சும்மா சொல்லல.

அதோட வின்சென்டின்னு ஒருத்தரோட பிரிவையும் சேத்து சொல்லிக் குடுக்குறாங்க. ஏரோ இன்ஜினியர் அவரு, இன்ஜினியருக்குன்னே இருக்குற அறிவு என்னென்னன்னு பிரிச்சு வெச்சிருக்காரு, அதுல ஒண்ணு நடைமுறைத் தடைகள். இது எனக்கு பளீர்னு ஒரைச்சது. கார்னோ இன்ஜின எடுத்துக்கோங்க, ரெண்டு டெம்பரேச்சருக்கு நடுவுல அதிகபட்ச எஃபிஷியன்சி தர்ற கற்பனை இன்ஜின். 600 கெல்வின், 300 கெல்வின் நடுவுல ஓடினா எஃபிஷியன்சி 50 பர்சென்ட், எந்தப் பையனும் போட்டுடுவான், டிரைவ் பண்ணச் சொன்னாலும் பண்ணுவான். "சரிடா, இவ்ளோ நல்ல இன்ஜின ஏன் யாரும் செஞ்சு வண்டியில மாட்டல?"ன்னு கேளுங்க, கிளாஸே சீலிங் ஃபேன பாக்கும். டெம்பரேச்சர் மாறாம சூட்ட ஏத்தணும்னா பிஸ்டன் ஆமை மாதிரி நகரணும், அடுத்த ப்ராசஸ்ல சூடு வெளிய போகவே கூடாதுன்னா வேகமா நகரணும், அதே பிஸ்டன்தான் ரெண்டையும் பண்ணணும், நெதானமா ஓட்டினா பவர்னு ஒண்ணும் வராது. இத நான் அது வரைக்கும் ஒரு தடவ கூட கேள்வியா கேட்டதில்ல. டெக்ஸ்ட் புக்ல ஒரு ஓரமா இருக்கும், ரெண்டு மார்க்குக்கு கூட வராதுன்னு தாண்டிப் போயிருவோம்.

கோர்ஸ் சொன்ன வேகத்துலயே கிளாஸ்ல ஒண்ணு செஞ்சு பாத்தேன். செகண்ட் இயர், 58 பேரு, மத்தியானம் சாப்பாட்டுக்கு அடுத்த ஹவர், அந்த ஹவர் எப்படி இருக்கும்னு வாத்தியாருங்களுக்கு நான் சொல்ல வேணாம். போர்டுல ஒரே ஒரு கேள்வி: எல்லா பக்கமும் அடைச்ச ரூம், வெளிய இருந்து சூடு உள்ளயும் வராது வெளியவும் போகாது, உள்ள ஒரு ஃப்ரிட்ஜ் ஓடுது, கதவ தொறந்து வெச்சுட்டா ரூம் கூலாகுமா, சூடாகுமா, அப்படியே இருக்குமா? மொதல்ல தனியா யோசிச்சு நோட்ல எழுதணும், அப்புறம் பக்கத்துல இருக்குறவன்கிட்ட பேசணும், அப்புறம் கை தூக்கணும். மொத தடவ கை தூக்கினப்ப பாதிக்கு மேல கூலாகும்னு சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் பேச விட்டேன், அதுக்குள்ள ரெண்டு பெஞ்சுல சண்டையே வந்துருச்சு, எப்பவும் கடைசி பெஞ்சுல கண்ண தொறந்துட்டே தூங்குற ஒருத்தன் எந்திரிச்சு "மேம், பின்னாடி கை வெச்சா சுடும்ல, முன்னாடி எடுக்குற சூடு பின்னாடி வந்துருது, அது போக கரண்டு வேற உள்ள வருது, அது எங்க போகும்"னான். தெர்மோ ஃபர்ஸ்ட் லா அவ்ளோதான், உள்ள வந்த சக்தி காணாமப் போகாது. கம்ப்ரசர் 150 வாட் இழுத்தா அந்த 150 வாட்டும் ரூம்லயேதான் தங்கணும், ரூம் சூடாகும். நான் டெஃபனிஷன் எழுதிப் போட்டு ஒரு ஹவர் கத்தியிருந்தாலும் அவன் வாயில இருந்து அது வந்திருக்காது.

இது ஏதோ எனக்கு அன்னைக்கு நல்ல நேரம்னு நெனச்சுறாதீங்க. 2014ல அமெரிக்காவுல 225 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து ஒரு பேப்பர் வந்துச்சு, சயின்ஸ், இன்ஜினியரிங், மேத்ஸ் கிளாஸுங்க எல்லாம் அதுல இருக்கு, வெறும் லெக்சர் கேக்குற கிளாஸ்ல ஃபெயிலாகுற வாய்ப்பு இந்த மாதிரி பேச வைக்கிற கிளாஸ விட ஒன்றரை மடங்குன்னு கணக்கு வந்துச்சு. பரிச்சை மார்க்லயும் ஒரு ஆறு பர்சென்ட் வித்தியாசம். அரியர் லிஸ்ட்ட கையில வெச்சுட்டு மீட்டிங் போடுற மேனேஜ்மென்ட்டுக்கு இத விட நல்ல சேதி என்ன வேணும், ஆனா எங்க மீட்டிங்ல இத யாரும் பேசி நான் கேட்டதில்ல.

கொறைன்னு பாத்தா, பாடம் நடத்துறது எப்படின்னு சொல்லிக் குடுக்குற கோர்ஸுக்கு பரிச்சை நாலு ஆப்ஷன்ல ஒண்ண கிளிக் பண்ற மாதிரி இருக்கு. நாடு முழுக்க ஆயிரக்கணக்குல எழுதுறப்ப வேற வழியில்லங்கிறது புரியுது, இருந்தாலும் நீச்சல் பரிச்சைய கரையில ஒக்காந்து எழுதுற மாதிரிதான். எலைட் வாங்கினவங்க எல்லாரும் நல்லா கிளாஸ் எடுப்பாங்கன்னு நம்பிறாதீங்க, பக்கத்து டிபார்ட்மென்ட்லயே உதாரணம் இருக்கு, பேரு வேணாம். ரெண்டாவது, கோர்ஸ்ல சொல்ற மாதிரி ஒவ்வொரு ஹவரையும் டிசைன் பண்ண உக்காந்தா ஒரு ஹவருக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஆவுது. அஞ்சு யூனிட் முடிக்கணும், நடுவுல ரெண்டு இன்டர்னல், சிம்போசியம், இன்டஸ்ட்ரியல் விசிட், இதுல எங்க போறது அந்த ரெண்டு மணி நேரத்துக்கு?

இங்கதான் கோர்ஸ விட்டுட்டு வேலையப் பத்தி பேச வேண்டியிருக்கு, ஏன்னா கோர்ஸ் மேல தப்பு இல்ல. யுஜிசி 2018 விதியில அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு வாரம் 16 மணி நேரம் கிளாஸ். எனக்கு 16 இருந்தா ஊருக்கே சோறு போடுவேன். லேப் சேத்து 22 ஓடுது, அது போக மே மாசம் ப்ளஸ் டூ பசங்க வீட்டுக்கு அட்மிஷன் பேச அனுப்புவாங்க, வெயில்ல ஒரு அம்மா மோர் குடுத்துட்டு "நீங்க டீச்சரா, இன்சூரன்ஸுங்களா?"ன்னு கேட்டாங்க, நெசமா. வாத்தியாருங்கள மதிப்பிட ஏஐசிடிஇ 2019ல கொண்டு வந்த 360 டிகிரி ஃபீட்பேக்ல டீச்சிங் ப்ராசஸுக்கு 25, ஸ்டூடன்ட் ஃபீட்பேக்குக்கு 25, நூறுல பாதி கிளாஸுக்கேன்னு சந்தோஷப்பட்டேன். உள்ள போய் படிச்சா அந்த மொத 25 எதுக்குன்னா, டைம்டேபிள்ல எத்தன கிளாஸ் போட்டிருந்துச்சு, எத்தன நடந்துச்சு, அவ்ளோதான். வந்தியா, நின்னியா. எப்படி நடத்துனங்கிறதுக்கு அங்க எடம் இல்ல. அசோசியேட் ஆகணும்னா பிஎச்டி, 8 வருஷம், ஜர்னல் பேப்பர். நான் இன்னொரு ஒம்பது வருஷம் ஃப்ரிட்ஜ் கதவ தொறந்து மூடினாலும் அசிஸ்டன்ட்டுதான்.

வெளிநாட்டுல இதுக்குன்னே தனி வழி இருக்கு. டொரான்டோ யுனிவர்சிட்டில டீச்சிங் ஸ்ட்ரீம்னு வெச்சிருக்காங்க, அசிஸ்டன்ட்ல இருந்து ஃபுல் ப்ரொஃபசர் வரைக்கும் அந்த வழியிலயே போகலாம். சிங்கப்பூர் என்யுஎஸ் யுனிவர்சிட்டில அதுக்கு எஜுகேட்டர் ட்ராக். கிளாஸ் எப்படி எடுக்குறாங்க, என்ன புதுசா டிசைன் பண்ணாங்க, அதுக்கு என்ன ஆதாரம்னு ஃபைல் குடுத்து ப்ரமோஷன் வாங்குறாங்க. அங்கயும் ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் மவுசுன்னு அங்க இருக்குறவங்க பொலம்புவாங்க, இருந்தாலும் ஒரு கதவுன்னு ஒண்ணு இருக்கு. இங்க வேடிக்கை என்னன்னா, நம்ம செல்ஃப் ஃபைனான்சிங் காலேஜ்ல முக்காவாசி பேரு நாள் முழுக்க பண்றது டீச்சிங் மட்டும்தான், ஆனா அந்தப் பேருல ஒரு பதவி கெடையாது. அதனால என்ன ஆவுதுன்னா, காசு குடுத்து பேப்பர் போடுற ஜர்னல தேடிப் போறாங்க. கோர்ஸ் படிச்சு ஒருத்தன் நல்ல வாத்தியார் ஆனா காலேஜுக்கு அத எழுத ஒரு கட்டம் இல்ல, சர்ட்டிபிகேட் வாங்கினான்னு எழுதத்தான் கட்டம் இருக்கு.

எனக்கு வந்தது 71, எலைட். எச்ஓடி பாத்துட்டு "சில்வர் வந்திருந்தா நல்லாருக்கும்ங்க"ன்னு சொல்லி ஃபைல்ல சொருகிட்டாரு, ஒன்றரை எஃப்டிபி ஏறிருச்சு. தெர்மோ கிளாஸ்ல என்ன மாறுச்சுன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

சேரலாமான்னு கேட்டா, புதுசா வேலைக்கு வந்தவங்க கண்டிப்பா சேருங்க, முக்கியமா மொத வருஷத்துலயே, என்னைய மாதிரி ஒம்பது வருஷம் காக்காதீங்க. புதுசா வர்றவங்களுக்கு ஏஐசிடிஇயே எட்டு மாட்யூல் தனியா வெச்சிருக்கு, வாத்தியாருங்களுக்கு பயிற்சி குடுக்குற தரமணி என்ஐடிடிடிஆர் பாத்துக்குது, அதுவும் இதுவும் கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு வரும், பரவால்ல. பன்னெண்டு வாரம் ஜாஸ்தின்னு நெனைக்கிறவங்க நல்லா கிளாஸ் எடுக்குறத பத்தி ஐஐடி மெட்ராஸ் வழியா வர்ற 4 வார கோர்ஸ் இருக்கு, ஆனா எஃப்டிபி கணக்கு அரைதான் வரும். என்பிஏ விசிட்டுக்காக மட்டும் சேர்றவங்க மொத பகுதிய மட்டும் பாத்துட்டு விட்டுருவீங்க, அத பண்ணாதீங்க, சரக்கு பின்னாடிதான் இருக்கு. அசைன்மென்ட்ட பசங்களுக்கு சொல்ற மாதிரியே கடைசி நாளுக்கு வெக்காதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி உங்க காலேஜ்ல என்பிடெல் லோக்கல் சாப்டர் (காலேஜ் கிளை) இருக்கான்னு பாத்து அத கவனிக்கிற எஸ்பிஓசிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, பாஸானா சில காலேஜ் அந்த ஆயிரத்த திருப்பிக் குடுக்குறாங்க. எங்க காலேஜ்ல பில்லு வெச்சு ஆறு மாசம் ஆச்சு.