549 ரூபா ஆப்ஸ் வீல் – நாலு மாசம் உருட்டுனவன் சொல்றேன்

முதல்லயே சொல்லிடறேன், இது சிக்ஸ் பேக் வரவைக்கிற மெஷின் எல்லாம் இல்ல. நடுவுல ரெண்டு சக்கரம், ரெண்டு பக்கமும் கைப்பிடி, முட்டி போட ஒரு குட்டி மேட், அவ்ளோதான். இதுக்கு முன்னாடி 2,200 ரூபா குடுத்து வயித்துல கட்டிக்கிற கரண்ட் பெல்ட் வாங்கி ஏமாந்தவன் நான், கம்பெனி பேரு வேணாம் விடுங்க, சும்மா உக்காந்து டிவி பாத்தாலே தொப்பை கரைஞ்சிரும்னு போட்டிருந்தான், ரெண்டு மாசம் வயித்துல எறும்பு ஊர்ற மாதிரி இருந்ததுதான் மிச்சம், இடுப்பு அதே 37. அப்புறம் தேடிப் பாத்தா இந்த மாதிரி பெல்ட் வித்தவங்க மேல அமெரிக்காவுல 2002லயே எஃப்டிசி, அதாவது ஜனங்களை ஏமாத்துற வியாபாரத்தைத் தட்டிக் கேக்குற அந்த ஊரு அரசு அமைப்பு, கேஸ் போட்டிருக்கு. அவனுங்க முழிச்சிக்கிட்டு இருபது வருஷம் கழிச்சு நான் போய் வாங்கிருக்கேன்.

சரி வீலுக்கு வருவோம். முத நாள் ஹால்ல முட்டி போட்டு உருட்டிட்டு இருக்கேன், அம்மா பாத்துட்டு "அப்படியே ஒரு ஈரத்துணியையும் சுத்திக்கடா, தரையாவது சுத்தமாகும்"னாங்க. ஆறு தடவைதான் போனேன், அடுத்த மூணு நாளைக்கு தும்முனா வலி, சிரிச்சா வலி. பெல்ட்டுல ரெண்டு மாசமா வராத வலி!

இதுல விஷயம் என்னன்னா, சக்கரம் முன்னாடி போகப் போக நடு முதுகு தொட்டில் மாதிரி கீழ தொங்கப் பாக்கும், அதைத் தொங்க விடாம இழுத்துப் பிடிக்கிறதுதான் வயித்துத் தசையோட வேலை. பிடிக்காம விட்டீங்கன்னா பாரம் பூரா இடுப்புக்கு மேல எலும்புல இறங்கி ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது, எனக்கு ரெண்டாவது வாரம் அப்படித்தான் ஆச்சு. அதனால சுவத்தைப் பாத்து முட்டி போடுங்க, சக்கரம் சுவத்துல இடிச்சு நிக்கணும், கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளிப் போங்க. முதுகு வலி, ஹெர்னியா இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே வேணாம்.

இப்ப பன்னெண்டு தடவை மூணு செட் போறேன், வாரத்துல மூணு நாள். வயிறு கல்லு மாதிரி இறுகிருச்சு, ஆனா முத ரெண்டு மாசம் வெளிய ஒண்ணுமே தெரியல, ஏன்னா கல்லு மேல மெத்தை இருக்கே. வயித்துக்கு எக்சர்சைஸ் பண்ணா வயித்துக் கொழுப்பு மட்டும் கரையும்ங்கறது பொய்ங்க, உடம்பு அதுக்கு இஷ்டப்பட்ட எடத்துலருந்துதான் எடுக்கும், எனக்கு மொதல்ல கன்னம் ஒட்டிப் போச்சு, சொந்தக்காரங்க எல்லாம் சுகரான்னு கேட்டாங்க, தொப்பை மட்டும் அப்படியே இருந்துச்சு.

அந்த மெத்தை எறங்குனது சாப்பாட்டுலதான். ஆபீஸ்ல ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை, கணக்குப் போட்டா டெய்லி பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 200 கலோரி குடிச்சே உள்ள தள்ளிருக்கேன். அதை ஒரு டீயா கொறச்சேன். மதியம் சோத்தைப் பாதியாக்கி பொரியலை ரெண்டு மடங்காக்குனேன், தெனம் நாலு முட்டை, ஒரு முட்டைக்கு ஆறு கிராம் புரோட்டீன் வரும், சாயங்காலம் பஜ்ஜி போன எடத்துல கொண்டக்கடலை சுண்டல். நைட்டு தோசையை விட முடியல, நாலை ரெண்டாக்கிட்டேன், எண்ணெயை மட்டும் நானே ஊத்திக்கிறேன், அம்மா கையில விட்டா கரண்டி கரண்டியா ஊத்துவாங்க, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி. 78 கிலோ இப்ப 71, இடுப்பு 33. மேல நாலு கட்டம் லேசா தெரியுது, அதுவும் காலைல வெறும் வயித்துல, ஜன்னல் வெளிச்சம் சைடுல அடிச்சா மட்டும். கட்டம் நாலா ஆறாங்கறது பொறப்புலயே வர்றதாம், அதனால கீழ ரெண்டு வருமான்னு கவலைப்படறதை விட்டுட்டேன்.

கொறைன்னு பாத்தா, கூட வர்ற மேட் அப்பளம் மாதிரி இருக்கு, முட்டி செவந்து போகுது, நான் பழைய ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டுக்கிறேன். கைப்பிடி ஸ்பாஞ்ச் மூணாவது மாசமே வேர்வையில ஊறி சுத்த ஆரம்பிச்சுது, சைக்கிள் கடையில 60 ரூபாய்க்கு கிரிப் வாங்கி மாட்டிருக்கேன். ஒத்தைச் சக்கரம் வாங்காதீங்க, சைடுல சாயும். அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு அந்த மேட்டுக்காக கட்.