பெரிய எண்களை வரிசைப்படுத்த: அட்டையா, கட்டமா, கோடா?

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்புக்கு நான்கு இலக்க எண்கள், ஐந்தாம் வகுப்புக்கு ஆறு இலக்கம், ஆறாம் வகுப்புக்கு ஒன்பது. இந்த ஏற்றத்தில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லித்தரும் டர்பன் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இங்குள்ள பள்ளிகளில் புழங்கும் ஃபிளார்டு அட்டை, அதாவது ஒவ்வோர் இலக்கத்தின் மதிப்பையும் தனித்தனியாக எழுதிய அட்டைகள். 40 000 என்ற நீள அட்டையின் மேல் 300, அதன் மேல் 6 என்று வலப்பக்கம் ஒட்ட அடுக்கினால் 40 306. பக்கத்தில் 40 036 வைத்து இரண்டையும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒன்றில் 300, மற்றதில் 30 என்று பிள்ளையே கண்டுகொள்ளும். பூச்சியத்தால் வரும் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஐந்தாறு எண்களை வரிசைப்படுத்தப் போனால் மேசையெல்லாம் அட்டைதான்.

அந்த வேலைக்கு இடமதிப்புக் கட்டம்: ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். ஒரு தாளும் அடிக்கோலும் போதும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் 152 184 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி அரங்கின் இருக்கைகள் 94 736. எது பெரியது? ஒன்பதைக் கண்டதும் பல பிள்ளைகள் அரங்கைக் காட்டுவார்கள். ஒன்றுகளுக்கு நேர்கீழே ஒன்றுகள் வருமாறு எழுதினால், 152 184-இன் முதல் இலக்கம் நூறாயிரம் கட்டத்தில் நிற்கும். கீழே அந்தக் கட்டம் காலி. நம் முன்னோர் அத்தனை பேரையும் அந்த அரங்கில் உட்காரவைக்க முடியாது என்பது அப்போதுதான் உறைக்கும். இலக்கங்களின் எண்ணிக்கை முதலில், அது சமமானால் இடமிருந்து வலம்: கட்டம் கற்றுத்தரும் விதி இவ்வளவுதான். அட்டையைத் தொடாமல் நேரே கட்டத்துக்கு வரும் பிள்ளை இதை மந்திரம்போல ஒப்பிக்கும் ஆபத்தும் உண்டு.

எண்கோட்டை வரிசைப்படுத்த நான் எடுக்கமாட்டேன். 0 முதல் 100 000 வரை கோடு போட்டால் 40 036, 40 306 இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரியும். எண்ணை அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ ஆயிரத்துக்கோ மாற்றும் முழுமையாக்கலுக்கு வரும்போது அதுவே அருமையான கருவி.

முதலை பெரிய எண்ணைத்தான் கடிக்கும் என்ற கதை <, > குறிகளை நினைவில் வைக்க உதவும்; எது பெரியது என்பது முதலைக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்து வரும் பயிற்சி நூல்களில் ஓர் எச்சரிக்கை. அங்கே 1,52,184 என்று எழுதுவார்கள். இங்கே பள்ளியில் காற்புள்ளி தசமத்துக்கு; ஆயிரங்களைப் பிரிப்பது இடைவெளி. 94,736 என்பதைத் தொண்ணூற்று நான்கு சொச்சம் என்று பிள்ளை படித்தால் திட்டாதீர்கள். அந்த நூலின் எண்களை முதலில் இடைவெளிவிட்டு நீங்களே திருத்தி எழுதிக் கொடுங்கள்.