7.3 பவர் ஸ்ட்ரோக்குக்கு 17 டிகிரி ஆயில் பம்ப்: வாங்கும் முன்

ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் டீசலை அழுத்துவது எஞ்சின் ஆயில்தான். 3000 பிஎஸ்ஐ ஆயில் இன்ஜெக்டருக்குள் 7 மடங்காகி, டீசல் 21000 பிஎஸ்ஐயில் பாயும். இந்த ஆயிலை இன்ஜெக்டர்களுக்கு அனுப்ப முந்தைய வண்டிகளில் வந்தது 15 டிகிரி பம்ப், பிந்தையவற்றில் 17 டிகிரி. பழைய வண்டிக்கு 17 டிகிரி பம்பை மாட்டினால் ப்ரஷர் ஏறும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஏறாது.

பம்ப் தருவது ஆயிலின் அளவு மட்டுமே. ஆயில் திரும்பி வழியும் வழியை ஐபிஆர் (ப்ரஷரைக் கட்டுப்படுத்தும்) வால்வு இறுக்குவதால்தான் ப்ரஷர் எழுகிறது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அளவு போதாவிட்டால் வால்வு எவ்வளவு மூடினாலும் ப்ரஷர் நிற்காது.

அந்த டிகிரி, பம்புக்குள் பிஸ்டன்களைத் தள்ளும் தட்டின் சாய்வு. 2 டிகிரி கூடினால் ஆயில் சுமார் 14 சதவீதம் கூடும். 140 சிசி இன்ஜெக்டர் (1000 அடிக்கு 140 சிசி டீசல் தருவது) முழு அளவில் அடிக்கும்போது ஒரு அடிக்கு 0.98 சிசி ஆயில் குடிக்கும். 3000 ஆர்பிஎம்மில் எட்டு இன்ஜெக்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 11.8 லிட்டர். 160 சிசிக்கு மாறினால் 13.4 லிட்டர், அதாவது அதே 14 சதவீதம். அந்த ஒரு படிக்கு இந்தப் பம்ப் கச்சிதம். அதற்கும் பெரிய இன்ஜெக்டருக்கு இது பற்றாது, காசை இதில் போடாதீர்கள்.

முதலில் ஸ்கேனரில் பாருங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் ஐசிபி (இன்ஜெக்டருக்குப் போகும் ஆயிலின் ப்ரஷர்) 2500 பிஎஸ்ஐக்குக் கீழே சரிந்து, ஐபிஆர் டியூட்டி (வால்வை மூடச் சொல்லும் சிக்னலின் அளவு) 50 சதவீதத்தைத் தாண்டினால் ஆயில் போதவில்லை. ஆனால் குற்றவாளி பம்ப்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்ஜெக்டர் ஓரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்தாலும் ஐபிஆர் சீல் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் (குறைந்தது 500 பிஎஸ்ஐ வேண்டும்) ஓரிங்கைச் சந்தேகியுங்கள். ஆயில் சூட்டில் இளகி எளிதாகக் கசியும். பம்பிலிருந்து இரண்டு சிலிண்டர் ஹெட்டுக்கும் போகும் ஆயில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அடைத்துக் கிராங்க் செய்தால் எந்தப் பக்கம் கசிகிறது என்று தெரியும். இரண்டையும் அடைத்தும் ப்ரஷர் வராவிட்டால்தான் பம்பையும் ஐபிஆரையும் தொட வேண்டும்.

தரமில்லாத ஆயில் நுரைத்தாலும் ப்ரஷர் தடுமாறும், அதற்கு எந்தப் பம்பும் மருந்தல்ல. பம்பை மாட்டும்போது அதன் கியர் போல்ட்டை 95 அடி-பவுண்டில் இறுக்கி, பம்புக்கு ஆயில் தரும் ரிசர்வாயரின் மேலேயுள்ள பிளக்கைக் கழற்றி அதை ஆயிலால் விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் கிராங்க் செய்யுங்கள். காற்று இருந்தால் புதுப் பம்பும் செத்ததுபோலத்தான் தெரியும்.