42,000 போச்சு! செகண்ட் ஹேண்ட் ரயில் செட் வாங்கப் போறவங்க இத படிச்சுட்டு வாங்குங்க

கோவத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய பொருள் வாங்கி விக்குற ஒரு ஆப்ல, பேங்க்ல புகார் போயிட்டிருக்குறதால பேர் இப்ப போடல, ஹெச்ஓ ஸ்கேல் (நெஜ ரயில 87-ல ஒரு பங்கா சுருக்குன சைஸ்) மாடல் ரயில் செட்டுன்னு சொல்லி 42,000-க்கு குப்பையத் தலையில கட்டிட்டாங்க. நாப்பத்திரெண்டாயிரம்! இந்த ஹாபில இருக்குறவங்களுக்குத் தெரியும், அந்தக் காசு சேர எவ்ளோ நாளாகும்னு.

வீட்ல எட்டடிக்கு நாலடி பிளைவுட் போர்டு ரெடி, டிராக்குக்கு அடியில போடுற கார்க் ஒட்டியாச்சு, போர்டுக்கு அடியில கரண்ட் கொண்டு போற பஸ் வயர் இழுத்து, அதுல இருந்து டிராக்குக்குப் போற ஃபீடர் வயர் மூணடிக்கு ஒண்ணு தொங்குது, வெளிவட்டம் 22 இஞ்ச் ரேடியஸ், உள்வட்டம் 18, டிராக் போட்டா ஓட்டலாம்ங்குற நிலைமை. அப்பதான் அந்த விளம்பரம் கண்ல பட்டுச்சு. கோட் 83 (கோடுங்குறது தண்டவாளத்தோட உயரம்) நிக்கல் சில்வர் ஃப்ளெக்ஸ் டிராக், அதாவது வளைச்சுப் போடுற டிராக், 20 பீஸ், தடம் மாத்துற பாயிண்ட் 6, ரயில் பெட்டி 5, அதோட சவுண்ட் டிகோடர் (கன்ட்ரோலர் சொல்றதக் கேட்டு இன்ஜின ஓட்டி சத்தம் குடுக்குற சின்ன சர்க்யூட்) போட்ட டீசல் இன்ஜின் ஒண்ணு. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டேன். டிகோடர் எந்த சாக்கெட்ல இருக்கு, சிவி (டிகோடர் உள்ள இருக்குற செட்டிங்) படிக்குதா, டிராக் எல்லாமே ஒரே கோடா, எல்லாத்துக்கும் வித்தவர்கிட்ட இருந்து உடனுக்குடன் பதில். "8 பின் சார், அட்ரஸ் 3-லயே விட்ருக்கேன், வெச்ச உடனே ஓடும்." அட்ரஸ்ங்குறது கன்ட்ரோலர்ல இருந்து அந்த இன்ஜினக் கூப்பிடுற நம்பர். வீடியோவும் அனுப்புனார். டன்னல்ல இருந்து இன்ஜின் ஹெட்லைட்டோட மெதுவா, துளி குலுக்கல் இல்லாம வெளிய வருது, பாயிண்ட் மேல போறப்ப கூட லைட் சிமிட்டல. மெதுவா ஓடுறதுதாங்க பரீட்சையே, வேகமா எந்த இன்ஜினும் ஓடிடும். அதுக்கப்புறம் இப்படி எழுதுறார்: "பையனோட சேந்து கட்டுன லேஅவுட் சார், வீடு மாறுறோம், புது வீட்ல இடமில்ல. நல்லா பாத்துக்குறவங்க கைக்குப் போனா போதும்." அதப் படிச்சதும் மனசு எளகிடுச்சு. ஆப்லயும் 'வாங்குபவர் பாதுகாப்பு'ன்னு பச்சை டிக். 42,000-ம் ஆப் வழியாவே கட்டுனேன்.

பார்சல் வந்துச்சு. மேல இருந்த ரெண்டு டிராக் மட்டும் சரியான பொருள். அதுக்குக் கீழ இருந்ததுல காந்தம் வெச்சேன், டக்குனு ஒட்டிக்கிச்சு. நிக்கல் சில்வர்ங்குறது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, காந்தம் ஒட்டாது. இது அத்தனையும் ஸ்டீல், ஸ்லீப்பர் ஓரமெல்லாம் துரு. அதுலயும் பாதி கோட் 100. கோட் 83-ன்னா தண்டவாள உயரம் 0.083 இஞ்ச், கோட் 100-ன்னா 0.100 இஞ்ச், ரெண்டையும் அப்படியே சேத்தா வர்ற படி அரை மில்லிமீட்டர் கூட இருக்காதுதான், ஆனா 1:87 கணக்குல பாத்தா நெஜ ரயிலுக்கு அது கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர், பெட்டி குதிச்சு தடம் புரளத்தான் செய்யும்.

இன்ஜின் அதவிட மோசம். டிசிசி (டிஜிட்டல் கன்ட்ரோல்) டிராக்ல வெச்சு அட்ரஸ் 3 போட்டா அசையல, ஙொய்ய்னு ஒரு சத்தம் மட்டும். உடனே தூக்கிட்டேன், டிகோடர் இல்லாத மோட்டார அந்தக் கரண்ட்ல விட்டா சூடாகி எரிஞ்சே போயிடும். மூடியக் கழட்டுனா 8 பின் சாக்கெட்ல டிகோடர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் டம்மி பிளக். ஸ்பீக்கர் வைக்குற குழி காலி. சேஸிஸ் உப்பிப் போய் மோட்டார் பக்கத்துல மெல்லிசா விரிசல் ஓடுது. துத்தநாக வார்ப்புல ஈயம் மாதிரி அசுத்தம் கலந்துட்டா வருஷம் போகப் போக இப்படித்தான் உளுத்துப் போகும், ஒட்டியெல்லாம் சரிபண்ண முடியாது. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், கேபின் ஓரத்துல இருக்குற இன்ஜின் நம்பரே வேற!

அப்புறம் ஆரம்பிச்சது இழுத்தடிப்பு. வித்தவர் சொல்றார், "இங்க நல்லா ஓடுச்சு சார், கூரியர்ல ஆடியிருக்கும்." கூரியர்ல ஆடுனா டிகோடர் எங்கங்க போகும்? நம்பர் வேறன்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டதும் பிளாக் பண்ணிட்டார். ஆப்காரங்ககிட்ட போனா மொதல்ல பாட், அப்புறம் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்", அப்புறம் "வீடியோ மாதிரிக்காக மட்டுமே", கடைசில "பொருளைப் பிரித்துவிட்டதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது". மூடியக் கழட்டாம உள்ள டிகோடர் இல்லன்னு எப்படி நிரூபிக்கிறது? போன் நம்பர் கேட்டா தரமாட்டேங்குறாங்க, ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்து மொதல்ல இருந்து கதை கேக்குறாங்க. டிக்கெட்ட 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. 42,000 இன்னும் அவங்க கைலதான் இருக்கு, என் போர்டு காலியாக் கெடக்கு, வயிறு எரியுது.

வாங்கப் போறவங்களுக்கு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இத மட்டும் பாத்துக்கோங்க. டிராக் ஒவ்வொரு பீஸ்லயும் காந்தம் வெச்சு வீடியோ கேளுங்க. உங்க பேரும் அன்னைக்கு தேதியும் எழுதுன பேப்பர இன்ஜின் பக்கத்துல வெச்சு ஓட்டச் சொல்லுங்க, கேபின் நம்பர் தெளிவா தெரியணும். சிவி 8 படிக்குற ஸ்க்ரீன காட்டச் சொல்லுங்க, டிகோடர் இருந்தா அதத் தயாரிச்ச கம்பெனியோட எண் வரும். மூடி கழட்டுன போட்டோ தரமாட்டேன்னா அந்த இன்ஜின விட்ருங்க. பார்சல் பிரிக்குறத நடுவுல நிறுத்தாம வீடியோ எடுங்க. பையன், வீடு மாறுறோம்னு கதை வந்தா இன்னும் நாலு போட்டோ சேத்துக் கேளுங்க. டன்னல்ல இருந்து டீசல் இன்ஜின் வர்ற இதே வீடியோ வேற யாருக்காவது வந்துருந்தா தயவுசெஞ்சு எனக்குச் சொல்லுங்க, பேங்க் புகாரோட சேத்துக் கொடுக்கணும்.