விண்வெளிக்குப் போக வலியமலையா, காக்பிட்டா?

பாறசாலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், வலியமலையில் திரவ உந்துவியல் மையமும் ஐஐஎஸ்டி என்ற விண்வெளித் தொழில்நுட்பக் கல்லூரியும். இந்தப் பக்கம் காவல்கிணறு போனால் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. இஸ்ரோவுக்குத் தலைமை வகித்த சிவனும் நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர்கள். அதனால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு பிள்ளை “விண்வெளி வீரர் ஆகணும்” என்று சொன்னால், “அப்போ ஜேஇஇ படி, ஐஐஎஸ்டி போ” என்பதுதான் வீட்டில் உடனே வரும் பதில்.

அந்தப் பதில் பாதிதான் சரி. சிவனும் நாராயணனும் ராக்கெட்டை உருவாக்கியவர்கள். அதில் ஏறுவது வேறு வேலை. 2024 பிப்ரவரி 27 அன்று தும்பாவில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் ககன்யான் திட்டத்துக்காக அறிவிக்கப்பட்ட நால்வர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வருமே விமானப்படை டெஸ்ட் பைலட்டுகள். பிரசாந்த், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் நெம்மாறை வட்டாரத்துக்காரர். அஜித் சென்னையில் பிறந்தவர். இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. மனிதர் யாரும் இதுவரை ஏறாத கலம் அது. புது இயந்திரத்தில் உட்கார்ந்து, ஏதாவது தவறும்போது பதறாமல், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே கையாள்வதுதான் டெஸ்ட் பைலட்டின் அன்றாடத் தொழில்.

ஆகவே, விண்கலத்தின் இருக்கைதான் குறி என்றால் இன்றைக்கு, படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) வழிக்கே எங்கள் ஓட்டு. ஆனால் அந்தக் கதவு சீக்கிரம் மூடிவிடும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத பிரிவை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்: கணிதம் 300, பொது அறிவுத்தாள் 600. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அடுத்து படை அதிகாரித் தேர்வுக் குழுவின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணல், அதற்கும் 900. நம் பிள்ளைகள் கணிதத்தில் தேறிவிட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள். குழு விவாதத்தில் தப்பும் தவறுமான ஆங்கிலத்திலாவது வாய் திறக்க வேண்டும். இலக்கணத்துக்குப் பயந்து மௌனமாக இருப்பதுதான் கெடுக்கும்.

விமானி பிரிவுக்கு இவற்றோடு இன்னொன்றையும் தாண்ட வேண்டும்: கணினி வழி விமானித் தேர்வு. வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தோற்றால், பட்டம் முடித்து விமானப்படையின் ஏ.எஃப்.கேட் தேர்வு எழுதினாலும் பறக்கும் பிரிவு கிடையாது. கண்ணும் காலும் அதைவிடக் கறார். உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120, தொடை நீளம் 64-க்குள், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96. காக்பிட்டின் அளவு மாறாது என்பதால் ஆள்தான் அதற்குப் பொருந்த வேண்டும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டிருந்தால் பறக்கும் பிரிவு நடக்காது.

இதையெல்லாம் தாண்டினாலும் காத்திருப்பு நீளமானது. கடக்வாசலா என்.டி.ஏ.வில் மூன்றாண்டு, ஐதராபாத் அருகே விமானப்படை அகாடமியில் ஒன்றரை ஆண்டு, பிறகு படைப்பிரிவில் பல ஆண்டுப் பறப்பு, அதற்குப் பின்தான் பெங்களூரில் டெஸ்ட் பைலட் பயிற்சி. சுக்லா படையில் சேர்ந்தது 2006 ஜூன். ககன்யானுக்கு முன்பே ஓர் அமெரிக்கக் கலத்தில் விண்வெளிக்குப் போனது 2025 ஜூன் 25. அதற்குள் ஏறக்குறைய 2,000 மணி நேரம் பறந்திருந்தார், பிரசாந்த் 3,000.

என்.டி.ஏ.வுக்குத் தயார்படுத்தும் சைனிக் பள்ளி வழியாக முன்கூட்டியே தொடங்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டம் பள்ளி நமக்குப் பக்கம், உடுமலை அமராவதிநகர் பள்ளி தூரம். ஆனால் 67 விழுக்காடு இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டு முகவரி உள்ளவர் கழக்கூட்டத்தில் வெளிமாநிலத்தவர் ஆகிவிடுவார். அமராவதிநகரில்தான் வாய்ப்பு அதிகம். ஆறாம் வகுப்புக்கு வயது 10 முதல் 12.

வலியமலை வழியில் கண்ணாடியும் கால் நீளமும் பிரச்சினையே இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க்தான் ஐஐஎஸ்டிக்கு நுழைவுச்சீட்டு, அதுவும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே வாய்ப்பு. அது தவறினால் பொறியியலில் 65 விழுக்காடு வாங்கி 28 வயதுக்குள் இஸ்ரோ தேர்வை எழுதலாம். நாராயணன் டிப்ளமோவில் தொடங்கியவர் என்பதை மறக்க வேண்டாம். அடிப்படைச் சம்பளம் இரண்டு வழியிலும் ஒன்றே, 56,100 ரூபாய். விமானப்படையில் ராணுவச் சேவைப்படி 15,500 கூடுதல். இஸ்ரோ வேலையோ ககன்யானின் உயிர்நாடி: எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின், கலத்துக்குள் மூச்சுக்காற்றையும் வெப்பத்தையும் காக்கும் அமைப்பு. இருக்கை கிடைக்காமலே போனாலும் இந்த வாழ்க்கையில் குறையொன்றும் இல்லை. விமானியாகப் போய் இருக்கை கிடைக்காதவருக்கும் பறப்பு மிஞ்சும். பறப்பதில் ஆசை இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது.

வெளிநாட்டு வழி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். 12,000-க்கும் மேல் விண்ணப்பித்ததில் 2021-இல் எடுத்தது பத்துப் பேரை. காசு கட்டி ப்ளூ ஆரிஜின் என்ற தனியார் நிறுவனத்தின் ராக்கெட்டில் பத்து நிமிடம் போய்வந்தவர்களுக்கும் அது பயணம்தான், பதவி இல்லை.

எந்தக் கதவு முதலில் மூடுகிறதோ அதை முதலில் தட்டுவதே எங்கள் யோசனை. பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே கண் பரிசோதனை செய்து, கால், தொடை, உட்கார்ந்த உயரம் மூன்றையும் அளந்து பாருங்கள். பொருந்தினால் பிளஸ் டூவில் ஏப்ரல், செப்டம்பர் என்.டி.ஏ. தேர்வுகளை எழுதலாம், கணிதப் பாடம் பெரும்பாலும் ஜேஇஇக்கும் அதுதான். அளவு பொருந்தவில்லை என்றால் ஒரு நாள்கூட வீணாக்காமல் ஜேஇஇ புத்தகத்தை எடுத்துவிடலாம்.