14416-க்குப் பேசினோம்: கூடவே கொஞ்சம் சாமி விஷயமும்

மனசு தாங்காதபோது கூப்பிடச் சொல்லி அரசாங்கம் கொடுத்திருக்கும் எண் 14416. டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இதற்கெல்லாமா விமர்சனம் என்று கேட்பீர்கள். பிரியாணிக் கடைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன?

என் மச்சான் திருப்பூரில் நாலு பவர் டேபிள், அதாவது தையல் மெஷின், போட்டு பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறவர். முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வரவில்லை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் "நான் இல்லாட்டி இவங்களாச்சும் நிம்மதியா இருப்பாங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டார். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? அது மகாபாவம், ஆவியாய் அலையணும் என்றார் ஒரு பெரியம்மா. ஒரு ஜோசியர் பரிகாரத்துக்குப் பெரிய தொகை சொன்னார், அதுவும் கடனில் கிடக்கிற ஆளிடம்! ஏற்கெனவே எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று நினைத்தவருக்குப் பாவி என்ற பட்டமும் சேர்ந்தது. அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை, எங்களுக்கு அதுதான் பெரிய பயம்.

போன் போட்டது நான், பேசியது அவர். எடுத்த பெண் புத்தி எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, பக்கத்தில் யார் இருக்காங்க என்று விசாரித்துவிட்டு, செத்துப்போகணும்னு தோணுதுங்களா என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறோம், ஆனால் மனநல மருத்துவர்கள் சொல்வது வேறு: கேட்பதால் அந்த எண்ணம் வராது, உள்ளே அடக்கி வைத்தது வெளியே வரும். மச்சான் அழுதார், அப்புறம் ரொம்ப நேரம் பேசினார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் வழி சொன்னார்கள். வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று சிலர் ஒளிக்கிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி, உயிரை விட முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும்.

குறை என்றால், போன் போன்தான், முகம் பார்க்க முடியாது. கடனுக்கும் அங்கே பதில் கிடையாது, அதை நாங்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டு வட்டிக்காரரிடம் பேசித் தவணை வாங்கினோம்.

இதனால் சாமி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம்ம அவிநாசிக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அதே வயசுப் பையனை முதலைக்குக் கொடுத்துவிட்டு அழுகை. வழியே போன சுந்தரர் ரெண்டு சத்தத்தையும் கேட்டு நின்றார், என்ன ஆச்சு என்று கேட்டார், பதிகம் அதற்கப்புறம்தான். முதலை வாயிலிருந்து பிள்ளை வந்ததை எல்லோரும் சொல்கிறோம், அவர் நின்று கேட்டதை விட்டுவிடுகிறோம். பக்கத்து வீட்டு அக்கா பைபிளில் எலியாவைப் பற்றிச் சொன்னார். போதும் ஆண்டவரே, உயிரை எடுத்துக்கொள்ளும் என்று செடியடியில் படுத்துவிட்ட தீர்க்கதரிசி அவர். தேவதூதன் வந்து திட்டவில்லை, எழுந்து சாப்பிடு என்று அடையும் தண்ணீரும் வைத்தான், அவரைத் திரும்பத் தூங்கவும் விட்டான். பயமுறுத்துகிற பக்தியை விட இந்த மாதிரி பக்தி இருந்தால் எங்கள் வீட்டுக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசினால், உங்களுக்கே அப்படித் தோன்றினாலும், 14416. தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. உதவி கிடைக்கும்வரை அப்படிப் பேசுகிறவரைத் தனியாக விடாதீர்கள்.

மச்சான் இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், செவ்வாய்க்கிழமை சென்னிமலை முருகன் கோயிலுக்கும் போகிறார். ரெண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லி யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.