சைக்கிள் பையில் பழைய கருவிகளும் புதியவையும்

இருக்கைக்கு அடியில் தொங்கும் சிறு பையில் நான் வைத்திருக்கும் மடக்குக் கருவி, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீகளையும் (அறுகோணக் குழியுள்ள திருகுகளைத் திருப்பும் சாவிகள்), ஒரு ஸ்க்ரூடிரைவரையும், செயின் பின்னைத் தள்ளும் சிறு திருகையும் உள்ளங்கைக்குள் அடக்கிவிடுகிறது. ஹாண்டில்பார், இருக்கை, பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்ய இன்றைய சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால், சக்கரம் நட்டுகளால் இறுக்கப்பட்ட சைக்கிளில் இது பயன்படாது; நீளமான பிடியுள்ள 15 மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு மாற்று இல்லை. இருமுனையிலும் பல துளைகள் கொண்ட பழைய எலும்பு வடிவ ஸ்பேனரை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சற்றுத் தளர்வாகப் பொருந்தினாலும் நட்டின் மூலைகளை அது மழுக்கிவிடும்.

பஞ்சர் ஒட்டுவதில் பழைய முறையே என் தேர்வு. டியூபின் மேற்பரப்பை உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டுப் பட்டையை அழுத்தினால், அது டியூபோடு ஒன்றாகிவிடுகிறது. பசை தேவைப்படாத ஒட்டுகள் வீடு சேரும்வரைக்குத்தான்.

16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி சில நொடிகளில் டயரை நிரப்புவது உண்மையே. எனினும் ஒருமுறை வால்வில் சரியாகப் பொருத்தாமல் திறந்துவிட்டேன், உறைபனி படிந்த வெற்றுக் குப்பிதான் கையில் மிஞ்சியது. மேலும், அவ்வாயு சாதாரணக் காற்றைவிட விரைவாக டியூபின் ரப்பர் வழியே கசிந்துவிடுவதால், மறுநாளே மீண்டும் காற்றடிக்க வேண்டும். ஆகவே, குப்பி இருந்தாலும் கைப்பம்பு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.